தலையாட்டலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளாதீர்கள்: லத்தீனோ குடும்பங்களுக்குச் சிகிச்சை தரப் போகிறவர்களுக்கு

ஊரில் படித்துவிட்டு டாக்டராகவோ பிசியோதெரபிஸ்டாகவோ ஃபார்மசிஸ்டாகவோ அமெரிக்கா வருகிறவர்களில் பலர் கடைசியில் போய்ச் சேருவது பெரிய நகரங்களில் இல்லை. கலிபோர்னியாவின் சென்ட்ரல் வேலி, டெக்சாஸின் ரியோ கிராண்டே பள்ளத்தாக்கு மாதிரி விவசாயப் பகுதிகளில்தான் வேலை கிடைக்கிறது. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ரெசிடென்சி (மருத்துவ மேற்பயிற்சி) முடித்த டாக்டர்களுக்குக் கான்ராட் 30 திட்டம் தெரிந்திருக்கும். மருத்துவர் பற்றாக்குறை உள்ள இடத்தில் 3 வருடம் வேலை பார்த்தால், 2 வருடம் சொந்த நாட்டுக்குத் திரும்பிப் போக வேண்டும் என்ற நிபந்தனை நீங்கும். அப்படி வந்து இறங்கும் கிளினிக்கில் காத்திருப்பவர்களில் பெரும்பாலோர் லத்தீனோ, அதாவது லத்தீன் அமெரிக்க வம்சாவளிக் குடும்பங்களாகத்தான் இருப்பார்கள்.

எனக்குப் பொள்ளாச்சிப் பக்கம். இப்போது ஃபிரெஸ்னோவைச் சுற்றியுள்ள ஊர்களில், வளர்ச்சி தாமதமான 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய் பிசியோதெரபி கொடுக்கிறேன். எர்லி ஸ்டார்ட் என்ற கலிபோர்னியா மாநிலத் திட்டத்தின் கீழ் நடக்கும் வேலை இது. வீட்டுக்குள் போகிற வேலை என்பதால் கிளினிக் மேஜைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாத சில விஷயங்கள் கண்ணில் படுகின்றன. புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்கு அவற்றைச் சொல்லத்தான் இது.

நீங்கள் சேர்ந்ததும் உங்களை ஒரு ஆன்லைன் பயிற்சியில் உட்கார வைப்பார்கள். லத்தீனோக்கள் குடும்பத்துக்கு முக்கியத்துவம் தருவார்கள், பெரியவர்களை மதிப்பார்கள், பக்தி உள்ளவர்கள் என்று ஒரு பட்டியல் வரும். படித்துவிட்டு, "அட, நம்ம மாதிரியே" என்று உங்களுக்குத் தோன்றும். பட்டியலில் தவறில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு ஒரு குழந்தையின் கழுத்தைக்கூட நிமிர்த்த முடியாது. 1998-இல் மெலனி டெர்வலான், ஜான் மரே-கார்சியா என்ற இரண்டு டாக்டர்கள் இதைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். இன்னொருவருடைய பண்பாட்டில் 'தேர்ச்சி' பெற்றுவிட முடியாது, பணிவோடு கடைசிவரை கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அதன் சாரம். என் அனுபவமும் அதுதான்.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. மரியாதை தெரிந்த குடும்பம் உங்களை முகத்துக்கு நேரே மறுத்துப் பேசாது. "ஒரு நாளைக்கு 3 வேளை குழந்தையைக் குப்புறப் போடுங்கள்" என்றால் தலையாட்டும், சிரிக்கும், நன்றி சொல்லும். நீங்கள் கிளம்பிய பிறகு அது நடக்காது. "இது எங்கள் வீட்டில் சரிப்படாது" என்று அவர்களே உங்களிடம் சொல்லும் அளவுக்கு உறவைக் கொண்டுபோவதுதான் உங்கள் திறமை. கீழே சொல்லும் எல்லாமே அதற்காகத்தான்.

யார் வீட்டுக்குப் போகிறோம்

2020 சென்சஸ்படி அமெரிக்காவில் 6 கோடியே 21 லட்சம் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ மக்கள். அதாவது ஐந்தில் ஒருவருக்குக் கொஞ்சம் குறைவு. இவ்வளவு பேரையும் ஒரே கூடையில் போட முடியாது. போர்ட்டோ ரிக்கோக்காரர்கள் 1917-லிருந்தே அமெரிக்கக் குடிமக்கள். டெக்சாஸில் சில குடும்பங்கள் அந்த நிலம் மெக்சிகோவாக இருந்த காலத்திலிருந்தே அங்கேயே இருக்கின்றன. 1848-இல் எல்லைக்கோடுதான் நகர்ந்தது, அவர்கள் நகரவில்லை. அந்தக் குடும்பத்துப் பேரனிடம் போய் "எப்போது வந்தீர்கள்?" என்று கேட்டால் எப்படி இருக்கும்? அவனுக்கு ஸ்பானிஷ் தெரியாமலே இருக்கலாம். பிரேசில்காரர்கள் பேசுவது போர்ச்சுகீஸ். எல்லோரும் கத்தோலிக்கர்களும் இல்லை. சுவரில் குவாதலூப்பே மாதா படம் இருக்கும் என்று எதிர்பார்த்துப் போகும் வீட்டில் பெந்தெகொஸ்தே சபைக் காலண்டர் தொங்கும்.

ஆகவே முதல் சந்திப்பில், "உங்கள் குடும்பத்துக்குப் பூர்வீகம் எந்த ஊர்?" என்று கேளுங்கள். நாட்டைக் கேட்பதைவிட ஊரைக் கேட்பது நல்லது. மிச்சோகான், ஹலிஸ்கோ என்று மெக்சிகோ மாநிலத்தின் பெயரைச் சொல்வார்கள், அப்புறம் கிராமத்தின் பெயர் வரும். நம்மிடம் யாராவது "இந்தியாவா?" என்று நிறுத்திக்கொள்ளாமல் "தமிழ்நாட்டில் எந்தப் பக்கம்?" என்று கேட்டால் முகம் மலராதா?

பெயரைச் சரியாக எழுதுவது அடுத்த வேலை. ஸ்பானிஷ் வழக்கத்தில் இரண்டு குடும்பப் பெயர்கள் உண்டு. முதலில் அப்பா வழி, பிறகு அம்மா வழி. கார்லோஸ் ஹெர்னாண்டெஸ் லோபெஸ் என்று ஒரு பையன் இருந்தால் அவன் ஹெர்னாண்டெஸ். கம்ப்யூட்டரில் லோபெஸ் என்று ஏற்றிவிட்டால் தடுப்பூசிக் கணக்கு ஒரு பெயரிலும் லேப் ரிசல்ட் இன்னொரு பெயரிலும் போய் நிற்கும். பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரை வைத்துக்கொள்வது வழக்கம். அம்மா பெயரும் பிள்ளை பெயரும் வேறாக இருப்பதைப் பார்த்துக் கல்யாணமாகாதவர் என்று முடிவு கட்டாதீர்கள். இனிஷியலை விரித்து எழுதியதால் அப்பா பெயரால் அழைக்கப்பட்டவர்களும், விசாவில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியவில்லை) என்று அச்சாகி அதுவே பெயராகிப்போனவர்களும் நம்மில் எத்தனை பேர்! இந்தத் தொல்லையை நமக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

பெரியவர்களை 'உஸ்தெத்' என்றுதான் சொல்ல வேண்டும், நம் 'நீங்கள்' மாதிரி. வயதான அம்மாவைப் பெயரோடு 'தோன்யா' சேர்த்து அழைப்பார்கள். உங்கள் ஸ்பானிஷ் அரைகுறையாக இருந்தாலும் இந்த இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் நேரே குழந்தையிடம் போகாமல் முதலில் பாட்டிக்கு வணக்கம் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளர்

இந்த விஷயத்தில் நான் பிடிவாதக்காரி. வீட்டில் இருக்கும் 10 வயது அக்காவை மொழிபெயர்க்க வைக்காதீர்கள். அந்தப் பெண் ஆங்கிலம் நன்றாகப் பேசுவாள், ஆசையாகவும் முன்வருவாள். ஆனால் தன் தம்பி நடக்காமலே போகலாம் என்ற செய்தியை அம்மாவிடம் சொல்ல வேண்டியவள் அவளாகிவிடுவாள். பாதியை மறைப்பாள், அல்லது முழுவதையும் சொல்லிவிட்டு அந்தப் பாரத்தைத் தானே சுமப்பாள். அம்மாவும் பிரசவ விஷயங்களை மகள் வாயால் சொல்ல மாட்டார்.

சட்டமும் இதைத்தான் சொல்கிறது. மத்திய அரசின் பணம் வாங்கும் எந்த மருத்துவ நிறுவனமும் மொழி உதவியை இலவசமாகத் தர வேண்டும். 1964-ஆம் வருடச் சிவில் உரிமைச் சட்டத்தின் 6-ஆம் பகுதியும், 2010-இல் வந்த அஃபோர்டபிள் கேர் சட்டத்தின் 1557-ஆம் பிரிவும் அதற்கு ஆதாரம். உயிர் போகும் அவசரம் தவிர வேறு எதற்கும் சிறுவர்களை மொழிபெயர்க்க வைக்கக்கூடாது என்று 1557-இன் விதிகளிலேயே இருக்கிறது. மொழி உதவி பற்றி 2000-இல் வந்த ஜனாதிபதி உத்தரவு 2025 மார்ச்சில் ரத்தானது. அதைக் காட்டி "இனி தேவையில்லை" என்று உங்கள் அலுவலகத்தில் யாராவது சொன்னால், அந்த இரண்டு சட்டங்களும் அப்படியே இருக்கின்றன என்று எடுத்துச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளரோடு வேலை செய்வதற்கும் ஒரு முறை உண்டு. உள்ளே போவதற்கு முன் அவரிடம் 2 நிமிடம் பேசிவிடுங்கள்: இன்று என்ன சொல்லப் போகிறேன், கஷ்டமான செய்தி ஏதாவது உண்டா, எந்த மருத்துவச் சொல் வரும். உள்ளே போனதும் அம்மாவைப் பார்த்துப் பேசுங்கள், மொழிபெயர்ப்பாளரைப் பார்த்து "அவரிடம் கேளுங்கள்" என்று சொல்லாதீர்கள். இரண்டு வாக்கியம் பேசி நிறுத்துங்கள். நமக்கு ஆங்கிலம் வேகமாக வரும், அதுவும் நம் உச்சரிப்பில் வரும். போனில் இருக்கும் மொழிபெயர்ப்பாளருக்கு அது சட்டென்று பிடிபடாது. அம்மா ஒரு நிமிடம் பேசியதை அவர் "சரி என்கிறார்" என்று முடித்தால், முழுவதையும் சொல்லும்படி பணிவாகக் கேளுங்கள். அந்த ஒரு நிமிடத்துக்குள்தான் 'இல்லை' இருந்திருக்கும்.

சென்ட்ரல் வேலிக்கு வருகிறவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இன்னொன்றும் இருக்கிறது. மெக்சிகோவின் வஹாகா மாநிலத்திலிருந்து வந்து இங்கே திராட்சையும் ஆரஞ்சும் பறிக்கிறவர்களில் பலருக்கு ஸ்பானிஷ் தாய்மொழி இல்லை. மிஸ்தெக்கோ, த்ரிக்கி, சபோத்தெக்கோ பேசுகிறார்கள். குவாத்தமாலாவிலிருந்து வருகிறவர்கள் மாம், கிச்சே போன்ற மாயா மொழிகள் பேசுகிறார்கள். இவை ஸ்பானிஷின் வட்டார வழக்குகள் என்று நினைக்காதீர்கள். தமிழும் இந்தியும் போல வேறு வேறு குடும்பம். மிஸ்தெக்கோவுக்குள்ளேயே ஒரு கிராமத்துக்காரர் பேசுவது இன்னொரு கிராமத்துக்காரருக்குப் புரியாமல் போகலாம். அந்த அம்மாக்கள் ஸ்பானிஷ் மொழிபெயர்ப்பாளர் சொல்வதற்கெல்லாம் "சி, சி" என்று தலையாட்டுவார்கள். மெக்சிகோவிலேயே பூர்வகுடி மொழி பேசினால் ஏளனமாகப் பார்த்தார்கள் என்பதால் தெரியாது என்று சொல்லத் தயங்குவார்கள். "ஸ்பானிஷ் தெரியுமா?" என்ற கேள்வி அவர்களிடம் பலிக்காது. "உங்கள் அம்மாவிடம் போனில் பேசும்போது எந்த மொழியில் பேசுவீர்கள்?" என்று கேளுங்கள். பதில் மிஸ்தெக்கோ என்றால் கிராமத்தின் பெயரையும் வாங்கிக்கொண்டு அந்த வழக்குக்கு ஆள் தேடுங்கள். ஃபிரெஸ்னோவில் சி.பி.டி.ஐ.ஓ. என்ற வஹாகா பூர்வகுடி மக்களின் அமைப்பு இதற்கு உதவுகிறது. சில சமயம் மிஸ்தெக்கோவிலிருந்து ஸ்பானிஷ், ஸ்பானிஷிலிருந்து ஆங்கிலம் என்று இரண்டு பேர் வழியாகப் பேச்சு போக வேண்டியிருக்கும். நேரம் இரண்டு மடங்கு ஆகும். அதற்கேற்ற மாதிரி அப்பாயின்ட்மென்ட் போடுங்கள்.

எழுதிக் கொடுக்கும் காகிதத்தை நம்பாதீர்கள். ஆரம்பப் பள்ளியோடு நின்றவர்கள் நிறைய. நான் அம்மாவின் போனையே வாங்கி, அம்மா குழந்தைக்குப் பயிற்சி கொடுப்பதை அதில் வீடியோ எடுத்துக் கொடுத்துவிடுவேன். பாட்டிக்கும் வயலில் இருக்கும் அப்பாவுக்கும் அது வாட்ஸ்அப்பில் போய்விடும்.

தொக்கம், திருஷ்டி, கிரகணம்

நமக்கு இங்கேதான் கதவு சுலபமாகத் திறக்கும். சறுக்குவதும் இங்கேதான்.

குழந்தை சாப்பிட மறுக்கிறது, வயிறு உப்பியிருக்கிறது, அழுகிறது. சாப்பிட்டது வயிற்றில் ஒட்டிக்கொண்டது என்பார்கள். அதற்கு 'எம்பாச்சோ' என்று பெயர். 'சொபதோரா' என்ற பெண்மணியிடம் தூக்கிக்கொண்டு போவார்கள். அவர் எண்ணெய் போட்டு வயிற்றை நீவி, முதுகுத் தோலைப் பிடித்துச் சுண்டுவார். எங்கள் பக்கம் தொக்கம் எடுப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதே இல்லை. 'மால் தே ஓஹோ' என்பது கண்ணேறு. யாராவது குழந்தையை ரசித்துப் பார்த்துவிட்டுத் தொடாமல் போனால் கண் பட்டுவிடும் என்று ஒரு நம்பிக்கை பரவலாக உண்டு. அதனால் குழந்தையை "அழகாக இருக்கிறான்" என்று சொன்னால் கையையோ தலையையோ மெல்லத் தொட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் "தொடலாமா?" என்று கேட்டுவிட்டுத் தொடுங்கள். நாம் உப்பு மிளகாய் சுற்றிப் போடுகிற இடத்தில் அவர்கள் ஒரு முட்டையை உடம்பு முழுக்க உருட்டி, தண்ணீரில் உடைத்துப் பார்க்கிறார்கள். நாம் வசம்பு வளையம் போடுகிற கையில் அவர்கள் சிவப்புக் கயிறு கட்டுகிறார்கள். கையில் இருந்தால் இருக்கட்டும். கழுத்தில் இருந்தால் மட்டும், தூங்கும்போது இறுக்கிவிடும் என்று சொல்லிக் கைக்கோ காலுக்கோ மாற்றலாமா என்று கேளுங்கள். அவிழ்க்கச் சொல்லாதீர்கள்.

உதடு பிளந்து பிறந்த குழந்தையின் அம்மா ஒருவர், பல வாரப் பழக்கத்துக்குப் பிறகு, கர்ப்பமாக இருந்தபோது கிரகணத்தன்று வெளியே போய்விட்டதாக என்னிடம் சொன்னார். அன்றைக்கு வயிற்றருகே ஊக்கு குத்திக்கொள்ள மறந்துவிட்டாராம். உலோகம் ஏதாவது உடம்பில் இருந்தால் கிரகணம் குழந்தையைத் தீண்டாது என்பது மெக்சிகோவில் பரவலான நம்பிக்கை. மாமியார் அதைச் சொல்லிக் காட்டிக்கொண்டே இருந்திருக்கிறார். நம் ஊரிலும் கர்ப்பிணியைக் கிரகணத்தன்று வெளியே விடமாட்டார்கள், கத்தியைத் தொட விடமாட்டார்கள், காரணமும் அச்சு அசலாக அதே உதடுதான்.

இந்த இடத்தில் "எங்க ஊர்லயும் இப்படித்தான்" என்று உடனே பாய்ந்துவிடாதீர்கள். ஒற்றுமையைச் சொல்வது நல்லதுதான், ஆனால் அவர் சொல்லி முடித்த பிறகு. முன்னாலேயே சொன்னால் பேச்சு நம் பக்கம் திரும்பிவிடும், அவருடைய கதை பாதியில் நிற்கும். நான் அன்றைக்குக் கேட்டது இவ்வளவுதான்: "இது உங்கள் மனசில் எவ்வளவு நாளாக இருக்கிறது? இதனால் என்ன நடக்கும் என்று பயப்படுகிறீர்கள்?" ஆர்தர் க்ளெய்ன்மன் என்ற மனநல மருத்துவர் 1970-களிலேயே இப்படிப்பட்ட கேள்விகளைத் தொகுத்துக் கொடுத்திருக்கிறார். இது எதனால் வந்தது என்று நினைக்கிறீர்கள், ஏன் இப்போது வந்தது, உங்களை மிகவும் பயமுறுத்துவது எது, என்ன சிகிச்சை கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறீர்கள் என்ற வரிசை அது. அந்த அம்மா அழுது முடித்த பிறகுதான் எங்கள் ஊர்க் கிரகணத்தைப் பற்றிச் சொன்னேன். அவர் உள்ளே போய் மாமியாரைக் கூட்டிவந்தார், அவரிடமும் அதையே சொல்லச் சொன்னார். கிரகணத்தன்று வெளியே போன பெண்களுக்கும் நல்லபடியாகக் குழந்தை பிறக்கிறது, வீட்டுக்குள் அடைந்து கிடந்தவர்களுக்கும் பிளவுபட்ட உதட்டோடு பிறக்கிறது, அம்மா மேல் தவறில்லை என்று மாமியார் முன்னால் சொல்ல எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. குழந்தைக்குப் பால் புகட்டும் முறையை அதற்கப்புறம் அந்த மாமியார்தான் ஊன்றிக் கற்றுக்கொண்டார்.

எல்லா வைத்தியத்தையும் சிரித்துக்கொண்டு விட்டுவிட முடியாது. மூன்றை மட்டும் கண்டிப்பாகக் கேளுங்கள்.

எம்பாச்சோவுக்குப் பொடி கொடுத்தீர்களா, என்ன நிறம்? 'அசார்கோன்' ஆரஞ்சு நிறம், 'கிரேத்தா' மஞ்சள். இரண்டும் கிட்டத்தட்ட முழுக்க ஈயம். குழந்தையின் மூளையைக் கெடுத்துவிடும். பெயர் ஊருக்கு ஊர் மாறும் என்பதால் நிறத்தைக் கேட்பதுதான் பலன் தரும். கொடுத்திருந்தால் அன்றைக்கே ரத்தத்தில் ஈயம் பார்க்க ஏற்பாடு செய்யுங்கள். விஷ முறிவு உதவி எண் 1-800-222-1222, அங்கே மொழிபெயர்ப்பும் உண்டு. கலப்படக் குங்குமத்தில் இருக்கும் செவ்வீயமும் இந்த அசார்கோனும் ஒரே பொருள்தான். அதைச் சொன்னால் உங்களை மேட்டிமைக்காரராகப் பார்க்க மாட்டார்கள்.

அடுத்து, 'காய்தா தே மொயேரா'. உச்சிக்குழி உள்ளே விழுந்துவிட்டது என்று குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துத் தட்டுவார்கள், அண்ணத்தை விரலால் மேலே தள்ளுவார்கள். உச்சி அமுங்கியிருப்பது உடம்பில் நீர் வற்றியதன் அடையாளம். அவர்கள் கண்டுபிடித்தது சரிதான், "நல்லவேளை கவனித்தீர்கள்" என்று முதலில் அதை ஒப்புக்கொள்ளுங்கள். அப்புறம் வாந்தியோ பேதியோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள்.

மூன்றாவது தேன். 2018-இல் தேன் அடைத்த ரப்பர் சூப்பானால் டெக்சாஸில் 4 குழந்தைகளுக்கு பாட்டுலிசம் என்ற ஆபத்தான நச்சு நோய் வந்தது. சேனை தொட்டு வைக்கிற வழக்கம் உள்ள நமக்கு அந்த ஆசை புரியும். ஆனாலும் 1 வயதுக்குள் தேன் கூடவே கூடாது.

சீமைச் சாமந்தித் தேநீர், பிரசவம் ஆனபின் 40 நாள் ஓய்வு, கோழி ரசம், குளிர்ச்சி சூடு பார்ப்பது இதிலெல்லாம் தலையிடாதீர்கள். அந்த 40 நாளில் தாயை வெளியே வரச் சொல்லி அப்பாயின்ட்மென்ட் போடாமல், முடிந்தால் நீங்கள் போங்கள். சொபதோராவைப் போட்டியாகப் பார்க்காதீர்கள். அவர் எங்கே அழுத்துகிறார், எவ்வளவு அழுத்துகிறார் என்று கேளுங்கள். இடுப்பு மூட்டு விலகிய குழந்தை என்றால் காலை இழுக்க வேண்டாம் என்று அவருக்குச் சொல்லி அனுப்புங்கள். குடும்பம் உங்களை விட்டாலும் விடும், அவரை விடாது.

'இல்லை' என்று சொல்ல வைப்பது

ஒரு உதாரணம் சொல்கிறேன். அந்ததேரா என்பது குழந்தைகளுக்கான சக்கரம் வைத்த வாக்கர். நம் வீடுகளிலும் மாமா சீர் கொண்டுவருவாரே, அதேதான். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் இதைத் தடை செய்யச் சொல்கிறது, கனடா 2004-இலேயே தடை செய்துவிட்டது. நடையைச் சீக்கிரம் கொண்டுவராது, படியில் உருட்டிவிடும். வீட்டுக்கு வீடு நான் பார்ப்பது இது. "இதைத் தூக்கிப் போடுங்கள்" என்றால் நீங்கள் வரும் நாளில் மட்டும் அது படுக்கையறைக்குள் மறைந்திருக்கும்.

நான் செய்வது இப்படி. முதலில் யார் வாங்கிக் கொடுத்தது என்று கேட்பேன். பெரும்பாலும் பாட்டியோ, ஞானஸ்நானத்துக்கு நின்ற ஞானப் பெற்றோரோதான். அது அன்பளிப்பு, குப்பையில் போட முடியாது. அடுத்து, எந்த நேரத்தில் குழந்தையை அதில் வைக்கிறீர்கள் என்று கேட்பேன். "சமைக்கும்போது" என்று பதில் வரும். கொதிக்கிற எண்ணெய்ப் பக்கம் குழந்தை தவழ்ந்து வராமல் இருக்க அந்த அம்மாவுக்கு வேறு வழி தெரியவில்லை. இப்போது பேச வேண்டியது வாக்கரைப் பற்றி இல்லை, அடுப்பைப் பற்றி. உயர நாற்காலி இருக்கிறதா, பெரிய அட்டைப் பெட்டியில் தலையணை வைத்து உட்கார வைக்கலாமா, பாட்டி அந்த நேரத்தில் வைத்துக்கொள்வாரா என்று மூன்று நான்கு வழிகளைச் சொல்லி, "இதில் உங்கள் வீட்டுக்கு எது ஒத்துவராது?" என்று கேட்பேன். எது ஒத்துவரும் என்று கேட்டால் உங்களைச் சந்தோஷப்படுத்தும் பதிலைத் தேடுவார்கள். ஒத்துவராதது எது என்று கேட்டால் 'இல்லை' சொல்வதே மரியாதையான பதிலாகிவிடுகிறது.

"நிறைய அம்மாக்கள் இதை 3 வேளை செய்ய முடியவில்லை என்று என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உங்களுக்கு எப்படி?" என்பதும் நல்ல கேள்வி. "புரிந்ததா?" என்பது உதவாது, எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "நாளைக்குக் காலையில் எப்படிச் செய்வீர்கள், எனக்குக் காட்டுங்கள்" என்று குழந்தையை அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.

கிளம்பும்போது அவசரப்படாதீர்கள். பையை மாட்டி, செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்கும்போதுதான் "இன்னொன்று கேட்கணும்" என்று அம்மா ஆரம்பிப்பார். அந்த 5 நிமிடத்தை முன்கூட்டியே கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

திட்டுவதை விட்டுவிடுங்கள். இதை நம்மவர்களுக்கு அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. "ஏம்மா, இவ்வளவு நாள் என்ன பண்ணிக்கிட்டிருந்தே?" என்று நம் ஊர் டாக்டர் அதட்டினால் அதில் அக்கறை இருப்பதாகவே எடுத்துக்கொள்கிறோம். இங்கே அதே அதட்டலை வாங்கிய அம்மா ஒன்றும் சொல்ல மாட்டார், மறுபடி வரவும் மாட்டார். வராதவரைப் பற்றி 'பொறுப்பில்லாத பெற்றோர்' என்று ஃபைலில் எழுதுவதற்கு முன் அறுவடைக் காலமா என்று பாருங்கள். ஆகஸ்ட், செப்டம்பரில் திராட்சை வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். ஒரு நாள் லீவு எடுத்தால் அன்றைய கூலி போச்சு. சாயங்காலத்தில் 2 அப்பாயின்ட்மென்ட் நேரம் கிளினிக்கில் ஒதுக்கினால் அப்பாக்களும் வருவார்கள். லத்தீனோ அப்பா அதிகாரம் செய்கிறவர், குழந்தை வேலை பார்க்கமாட்டார் என்ற பேச்சை நம்பாதீர்கள். தரையில் படுத்து மகனைத் தன் மார்பு மேல் குப்புறப் போட்டுப் பயிற்சி கொடுக்கிற அப்பாக்களை நான் எத்தனையோ வீடுகளில் பார்க்கிறேன். அவரைப் பார்த்துப் பேசியவர்கள்தான் குறைவு.

வீட்டில் ஸ்பானிஷோ மிஸ்தெக்கோவோ பேசுவதை நிறுத்தச் சொல்லாதீர்கள். இரண்டு மொழி கேட்டு வளர்வதால் பேச்சு தாமதமாகாது. நம் பிள்ளைகளுக்கும் "தமிழை நிறுத்துங்கள்" என்று யாரோ சொல்லி, தாத்தா பாட்டியோடு பேச்சே அற்றுப்போன வீடுகள் உங்களுக்கே தெரிந்திருக்கும்.

கதவைத் தட்டும் முன்

பயத்தைப் பற்றிப் பேசாமல் இதை முடிக்க முடியாது. ஒரே வீட்டில் குழந்தை அமெரிக்கக் குடிமகன், அப்பாவுக்குக் காகிதம் இல்லை, அம்மாவின் வழக்கு நிலுவையில் என்று இருக்கும். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், தேவாலயம் போன்ற இடங்களில் குடியேற்ற அதிகாரிகள் கைது செய்வதைக் கட்டுப்படுத்திய வழிகாட்டுதலை 2025 ஜனவரியில் விலக்கிக்கொண்டார்கள். அதற்குப் பிறகு அறிமுகமில்லாதவர் கதவைத் தட்டினால் வீடே மூச்சைப் பிடித்துக்கொள்கிறது.

அதனால் சொல்லாமல் போகாதீர்கள். முந்தின நாள் மெசேஜ் அனுப்புங்கள்: என் பெயர் இது, தனியாகத்தான் வருவேன், கார் இந்த நிறம், இத்தனை மணிக்கு. வந்து நின்றதும் இன்னொரு மெசேஜ். வெளியே வரப் பயந்தால் வீடியோ காலில் செய்ய முடியுமா என்று உங்கள் அலுவலகத்தில் கேட்டு வையுங்கள். குடியேற்ற நிலையைக் கேட்காதீர்கள், அவர்களாகச் சொன்னாலும் ஃபைலில் எழுதாதீர்கள். படிவத்தில் ஒவ்வொரு கேள்வியும் எதற்கு, யார் பார்ப்பார்கள் என்று கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றிக் கேட்டால், குடியேற்ற நிலையைக் காட்டிப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1982-இல் ப்ளைலர் வழக்கில் தீர்ப்பளித்திருப்பதைச் சொல்லலாம். "ஒன்றும் ஆகாது" என்று மட்டும் சொல்லாதீர்கள், அது நம் கையில் இல்லை. சட்டக் கேள்வி வந்தால் இலவசக் குடியேற்றச் சட்ட உதவி கிடைக்கும் இடத்தைக் காட்டுங்கள், நீங்களே ஆலோசனை சொல்லாதீர்கள். எச்-1பி புதுப்பிக்கக் காத்திருந்த கவலையை வைத்து அவர்கள் பயத்தை அளக்காதீர்கள். இரண்டும் ஒன்றில்லை.

அப்புறம், கான்ராட் ஒப்பந்தத்தில் வந்தவர்களுக்கு ஒன்று. 3 வருடம் முடிந்ததும் நீங்கள் பெரிய ஊருக்குக் கிளம்புவீர்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அந்தக் குடும்பங்கள் இப்படிப் போன டாக்டர்களை வரிசையாகப் பார்த்தவர்கள். போவதற்கு 2 மாதம் முன்பே நீங்களே சொல்லிவிடுங்கள், வரவேற்பு மேஜையிலிருந்து அந்தச் செய்தி போக வேண்டாம். புதிதாக வருபவரைக் கூட அழைத்துப்போய் அறிமுகம் செய்யுங்கள். ஃபைலின் முதல் பக்கத்தில், அம்மாவின் அனுமதியோடு, இவற்றை எழுதி வையுங்கள்: பேசும் மொழி, கிராமத்தின் பெயர், இரண்டு குடும்பப் பெயர்களின் சரியான வரிசை, வீட்டில் முடிவெடுப்பது யார், எந்த மாதங்களில் பகலில் வர முடியாது, எந்த மொழிபெயர்ப்பாளரோடு அம்மா மனம்விட்டுப் பேசுகிறார், இதுவரை எந்தெந்த ஆலோசனைக்கு அவர் 'முடியாது' என்று சொல்லியிருக்கிறார், ஏன்.